பறிபோன தங்கப்பதக்கம்: இறந்து 69 ஆண்டு கழித்து கிடைத்த நியாயம்

பேஸ்பால் ஆடி சொற்ப கூலி வாங்கினார் என்பதற்காக ஒலிம்பிக்கில் ஜெயித்த 2 தங்கப்பதக்கங்களையும் பறிகொடுத்தவர் ஜிம் தோர்ப். உலகமே கொண்டாடிய அந்த வீரர், பிறகு ஹாலிவுட்டில் துணை நடிகராகி வயிற்றைக் கழுவினார்.

செவ்விந்தியர்

அமெரிக்காவில், இப்போது ஒக்லஹோமா மாநிலமாக இருக்கும் பகுதியில் பிறந்த செவ்விந்தியர் அவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப்பிறந்த சார்லி 9 வயதில் நிமோனியா காய்ச்சலில் இறந்து போனான். பிறகு தாயும் போனார், தந்தையும் போனார்.

பென்சில்வேனியா மாநிலம் கார்லைலில் செவ்விந்தியர் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய பள்ளியில் படித்தார். முடியை வெட்டி, யூனிபார்ம் மாட்டி, சொந்த பாஷை பேசக்கூடாது என்று தடை போட்ட பள்ளி அது. அங்கேதான் அவருடைய ஓட்டத்தைப் பார்த்து எல்லோரும் அசந்து போனார்கள்.

வேறு வேறு ஜோடு

1912-ல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் நடந்தது. 5 போட்டிகள் கொண்ட பென்டத்லானில் 4-ல் முதலிடம் பிடித்து தங்கம் வாங்கினார். 10 போட்டிகள் கொண்ட டெகத்லானிலும் அவருக்கே தங்கம். இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹூகோ வீஸ்லாண்டரை விட சுமார் 690 புள்ளிகள் அதிகம்!

அவருடைய ஜோடு திருட்டுப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்தால், ஒரு காலில் ஒரு மாதிரி, மறு காலில் வேறு மாதிரி ஜோடு.

வந்தது வினை

பணத்துக்கு ஆடுகிறவர்கள் ஒலிம்பிக்கில் கலந்து கொள்ளக்கூடாது என்பது அந்தக்கால விதி. தோர்ப்போ 1909, 1910-ல் வட கரோலினாவில் சின்ன பேஸ்பால் குழுக்களில் கூலிக்கு ஆடியிருந்தார். கல்லூரிப் பையன்கள் பலர் பொய்ப்பெயரில் ஆடி தப்பித்துக் கொண்டார்கள். இவர் சொந்தப் பெயரிலேயே ஆடினார். மாட்டிக்கொண்டார்.

1913 ஜனவரியில் ஒரு பத்திரிகை இதை வெளியிட்டது. பதக்கங்களைப் பிடுங்கி, சாதனைப் பட்டியலில் இருந்தும் பெயரை அடித்து விட்டார்கள்.

ஒலிம்பிக் விதிப்படி, ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். இங்கே ஆறு மாதம் ஓடிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை.

மண் வெட்டினார்

அதன் பிறகு பேஸ்பால், அமெரிக்க புட்பால் இரண்டையும் தொழிலாகவே ஆடினார். 1920-ல் தொடங்கிய தொழில்முறை புட்பால் சங்கத்துக்கு அவர்தான் முதல் தலைவர்.

வயது ஏறியது. வருமானம் நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பள்ளம் தோண்டும் கூலி வேலைக்குப் போனார். சினிமாவில் கூட்டத்தோடு நிற்கும் வேடம் கிடைத்தது. 1933-ல் வந்த "கிங் காங்" படத்தில் ஆடுகிறவர்களில் ஒருவர். 1949-ல் வந்த "ஒயிட் ஹீட்" படத்தில் ஒரு கைதி. செவ்விந்தியர் வேடங்களை செவ்விந்தியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று ஸ்டூடியோக்களிடம் போராடினார்.

1932-ல் அதே லாஸ் ஏஞ்சல்சில் ஒலிம்பிக் நடந்தது. டிக்கெட் வாங்க அவரிடம் காசு இல்லை. செவ்விந்திய வம்சாவளியான துணை ஜனாதிபதி சார்லஸ் கர்டிஸ் அவரை அழைத்து தன்னோடு உட்கார வைத்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.

1951-ல் அவர் வாழ்க்கையே படமாக வந்தது. தோர்ப்பாக நடித்தவர் வெள்ளைக்காரர் பர்ட் லங்காஸ்டர். கதை உரிமையை 20 ஆண்டுக்கு முன்பே 1,500 டாலருக்கு விற்றிருந்தார் தோர்ப். படம் வந்த அதே ஆண்டு, உதட்டுப் புற்றுநோய்க்கு தர்ம சிகிச்சை பெற்றார்.

1953 மார்ச் 28-ல் கலிபோர்னியாவில், தான் குடியிருந்த டிரெய்லர் வண்டி வீட்டில் மாரடைப்பால் இறந்தார்.

திரும்பி வந்த பெயர்

அந்த 30 நாள் விதியை பிறகுதான் தோண்டி எடுத்தார்கள். 1983-ல் அவர் பிள்ளைகளிடம் பதக்கங்களின் நகல்கள் தரப்பட்டன. ஆனால் முதலிடத்தை இன்னொருவரோடு பங்கு போட வைத்தார்கள்.

2022 ஜூலையில்தான் இரண்டு போட்டியிலும் அவர் ஒருவரே முதல்வர் என்று அறிவித்தார்கள். தனக்குக் கிடைத்த தங்கத்தை வீஸ்லாண்டர் கடைசி வரை ஏற்கவில்லை என்று அவர் குடும்பத்தாரும் தெரிவித்தார்கள்.

தோற்றவர் அன்றே ஒப்புக்கொண்டதை, தீர்ப்பு சொன்னவர்கள் ஒப்புக்கொள்ள 109 ஆண்டு ஆனது.