ஜிம்மி ஜார்ஜ்: பந்தும் பிழைப்பும்

தேசத்தின் பெயரை உயர்த்துகிறவனுக்குத் தேசம் என்ன ஊதியம் கொடுக்கிறது என்று கேட்பது அநாகரிகம் என நம்மவர் பலர் கருதுகின்றனர். விளையாட்டு வீரர் விஷயத்தில் இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆட்டம் ஆனந்தத்திற்கு, சோறு வேறெங்காவது கிடைக்கட்டும் என்பதே பொதுஜன அபிப்பிராயம். அது எவ்வளவு பிழையானது என்பதற்கு, கைப்பந்து என்னும் வாலிபால் ஆட்டத்தில் இந்தியா கண்ட வீரர்களுள் முதல்வராக எண்ணப்படும் ஜிம்மி ஜார்ஜின் வாழ்க்கையே போதிய சாட்சியமாகும்.

கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவைச் சேர்ந்த பேராவூரில் 1955-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி அவர் பிறந்தார். வீட்டில் ஆண்மக்கள் எண்மர், எண்மரும் பந்தாடினர். பக்கத்திற்கு அறுவர் வேண்டிய ஆட்டத்திற்கு அக்குடும்பம் வெளியார் துணையின்றியே அணி சேர்த்தது. பதினாறாம் வயதில் ஜிம்மி கேரள அணியில் இடம் பெற்றார். கள்ளிக்கோட்டை சர்வகலாசாலையின் அணியிலும் அவர் புகழ் ஓங்கிற்று. 1974-ல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் இந்தியாவிற்காக ஆடியபோது அவருக்கு வயது பத்தொன்பது. வலைக்கு மேலே எழும்பி, அந்தரத்தில் ஒரு கணம் தங்கியவர்போல் நின்று பந்தை அடிக்கும் அவருடைய ஆற்றலைக் கண்டவர்கள் மறக்கவில்லை. 1976-ல், இருபத்தோராம் வயதில், அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

அதே வருஷத்தில் அவர் கேரளப் போலீஸில் சேர்ந்தார். இதில் வியப்பில்லை. நம் நாட்டில் கைப்பந்து வீரனுக்கு ஜீவனம் என்றால் ரயில்வே, போலீஸ், ராணுவம், பாங்கி ஆகிய இவற்றில் ஓர் உத்தியோகம் என்பதே பொருள். இலாகா தன் அணிக்கு ஆள் வேண்டி வேலை கொடுக்கிறது. ஆடும் காலம் முடிந்த பிறகும் அவ்வேலை அவனைக் காக்கிறது. ஜப்பானிலும் இம்முறை உண்டு. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ என்னும் நூற்பாலைக் கம்பெனியின் ஊழியர்களே. பகலில் அலுவல் பார்த்து இரவில் பந்தாடியவர்கள். இம்முறையின் பலம் நிலையான சம்பளம். இதன் குறை, வீரனின் திறமைக்கு விலை இல்லாமற் போவதுதான். ஆசியாவே வியக்க ஆடுகிறவனும், அணியின் ஓரத்தில் அமர்ந்திருப்பவனும் ஒரே பதவியிலிருந்தால் ஒரே சம்பளத்தையே பெறுவர்.

ஜிம்மி இந்த வரம்பைக் கடந்தார். 1979-ல் அபுதாபி சங்கத்திற்கு ஆடச் சென்றார். அயல்நாட்டில் ஊதியம் பெற்று ஆடிய முதல் இந்தியக் கைப்பந்து வீரர் அவரே என்று போற்றப்படுகிறார். 1982-ல் இத்தாலி சென்று திரெவிசோ நகரச் சங்கத்தில் சேர்ந்தார். அந்நாட்டு வாலிபால் ஏற்பாடு நாம் கவனிக்கத்தக்கது. வியாபாரக் கம்பெனிகள் சங்கங்களுக்குப் பொருளுதவி செய்து, தங்கள் பெயரையே அணிக்கு இடுகின்றன. மோடெனா நகரில் பனினி என்னும் அச்சுக் கம்பெனிக் குடும்பம் அவ்வாறே ஓர் அணியை வளர்த்தது. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும் பந்தயங்களுக்கு வீரனோடு ஒப்பந்தம் செய்யப்படுகிறது. அயல்நாட்டார் இத்தனை பேரே என்று வரையறையும் இருந்தது. ஆகவே அங்கே இடம் பெற்ற இந்தியர், உலகின் பல தேசத்து வீரர்களோடு போட்டியிட்டே அதைப் பெற்றார்.

அவர் பணத்திற்காகத் தேசத்தை மறந்தவரல்லர். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய அணியில் நின்று ஆடினார். அவ்வணி ஜப்பானை வென்று வெண்கலப் பதக்கம் கொணர்ந்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு வரையில் நம் ஆடவர் அணி அத்தகைய பதக்கத்தை மீண்டும் பெறவில்லை. அடுத்த வருஷம் நவம்பர் 30-ந் தேதி இத்தாலியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் மாண்டார். அப்போது வயது முப்பத்திரண்டு. திருவனந்தபுரத்தில் ஓர் உள்ளரங்கும், அவர் கடைசியாக ஆடிய மோண்டிகியாரி நகரில் மற்றோர் அரங்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அரங்குகளுக்குப் பெயரிடுதல் நன்றே. ஆயின் அவருக்குப் பின் வந்தவர்களின் நிலை என்ன? 2019-ல் நம் நாட்டில் தொடங்கிய தொழில்முறைப் பந்தயம் சென்னை அணி வெற்றி பெற்ற ஒரே பருவத்தோடு நின்றது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் என்ற மற்றொன்று ஹைதராபாத்தில் பிப்ரவரி 5 முதல் 27 வரை நடைபெற்றது, பின்னரும் தொடர்ந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இருபத்துமூன்று நாள் ஆட்டம் முந்நூற்றறுபத்தைந்து நாள் வயிற்றை எங்ஙனம் நிரப்பும்? மிச்ச நாட்களுக்கு வீரன் பழைய உத்தியோகத்தையே நம்பியிருக்கிறான்.

நமது ஆத்தூரிலும் செம்பட்டியிலும் சின்னாளப்பட்டியிலும் வலை கட்டி ஆடும் வாலிபருக்கு இது தொலைதூரச் சங்கதியன்று. வீரனுடைய முதல் அவன் முழங்காலும் தோளும். அவை பத்துப் பதினைந்து வருஷமே வட்டி தரும். ஆகையால் ஆட அழைக்கும் எவரிடமும் மூன்றை அவன் எழுத்தில் கேட்க வேண்டும்: ஊதியம் இவ்வளவு, காலம் இவ்வளவு, அடிபட்டால் வைத்தியமும் சம்பளமும் யார் பொறுப்பு. வாய்ச்சொல்லை நம்பி ஆடியவன் அதை நியாயஸ்தலத்தில் நிரூபிப்பது கடினம். சங்கங்களை நடத்துவோரும், பரிசுக் கோப்பைக்கு வசூல் செய்வோரும், வசூலில் ஒரு பங்கை வீரர்களின் விபத்துக் காப்புக்கு ஒதுக்கல் கடமையாகும். உத்தியோகத்தின் உறுதியும் ஒப்பந்தத்தின் மதிப்பும் ஓரிடத்தில் சேரும்போதுதான், அடுத்த ஜிம்மி ஜார்ஜ் பிழைப்புத் தேடிக் கடல் கடக்க வேண்டிய அவசியம் நீங்கும். அதுவே அவருக்கு நாம் செய்யும் தக்க கைம்மாறு என்பது நமது துணிபு.