திருவாசகத்துக்கு உருகிய பாதிரியார்

ஊட்டி மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? குன்னூரில் கிளம்பி வெலிங்டன், அரவங்காடு என்று நின்று நின்று ஏறும் அந்தக் குட்டி ரயில், அடுத்து கேத்தி என்னும் சின்ன ஸ்டேஷனில் நிற்கும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தெரியும். கேரட், முட்டைகோஸ் பாத்திகளும், தேயிலைத் தோட்டங்களும், ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் படகர் ஊர்களுமாகக் கண்ணுக்கு விருந்துதான்!

இந்தக் கேத்திக்கும், சென்னை மெரினா கடற்கரையில் சிலையாக நிற்கும் ஒருவருக்கும் தொடர்பு உண்டு. அவர் யார் தெரியுமா? திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப்!

ஜார்ஜ் உக்ளோ போப் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, கனடா நாட்டின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். தந்தை வணிகர். போப் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. கிறிஸ்தவ சமயப் பணிக்காகத் தமிழ்நாட்டுக்குப் போவது என்று இளம் வயதிலேயே தீர்மானித்து, அதற்காகத் தமிழும் படிக்கத் தொடங்கினார். 1839இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 19தான்.

வந்தவர் தமிழை மேலோட்டமாகக் கற்கவில்லை. அந்நாளில் சென்னையில் பெரும் புலவராக விளங்கிய இராமாநுசக் கவிராயரிடம் பாடம் கேட்டார். நமக்கு இலக்கணம் என்றாலே கொஞ்சம் நடுக்கம் வருமே! போப்போ, தாம் கற்ற இலக்கணத்தைச் சிறுவர்களுக்கும் புரிகிற மாதிரி கேள்வி - பதிலாகவே எழுதி அச்சிட்டார். அது பல காலம் பள்ளிகளில் பாடமாக இருந்தது.

1842இல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள சாயர்புரத்துக்குப் போனார். பனங்காடு சூழ்ந்த அந்தச் சிற்றூரில் உயர்கல்வி தரும் பள்ளியை வளர்த்தார். அங்கே படித்தவர்கள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் போதகர்களாகவும் ஆனார்கள்.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் போப்புக்கு ஒரு குணம் இருந்தது. கண்டிப்பு! சாதாரணக் கண்டிப்பு இல்லை. மாணவர்கள் மறுபடி மறுபடி எதிர்த்துக் கிளம்பும் அளவுக்குக் கடுமை. கடைசியில் அவர் சாயர்புரத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. அவருடைய வெற்றிக்குக் குறுக்கே நின்றது அந்தக் கடுமைதான் என்று, அவருடன் பணியாற்றிய கால்டுவெல்லே எழுதி வைத்திருக்கிறார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதினாரே, அதே கால்டுவெல்தான்.

அடுத்து போப் போன இடம் தஞ்சாவூர். அங்கே பெரிய சண்டை காத்திருந்தது. யாரோடு? இந்துக்களோடு அல்ல, சக கிறிஸ்தவர்களோடு!

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத்திலும் பல சபைகள் உண்டு. போப் ஆங்கிலிகன் சபையைச் சேர்ந்தவர். தரங்கம்பாடிப் பக்கம் ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் சபைப் போதகர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் கிறிஸ்தவர் ஆன பிறகும் சிலர் சாதியை விடவில்லை. கோயிலில் ஒரு சாதியார் ஒரு பக்கம், இன்னொரு சாதியார் வேறு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். இது கூடவே கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்றார்கள் ஆங்கிலிகன் போதகர்கள். பொறுமையாகச் சொல்லித்தான் மாற்ற வேண்டும் என்றார்கள் லூத்தரன் போதகர்கள். ஆங்கிலிகன் சபையில் மனத்தாங்கல் கொண்டவர்கள் லூத்தரன் சபைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போப்புக்கு வந்ததே கோபம்! தரங்கம்பாடிப் போதகர்களைத் தாக்கி 1853இல் ஒரு நூலே வெளியிட்டுவிட்டார். லூத்தரன்கள் அத்துமீறி நுழைகிறார்கள் என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது.

சாதி கூடாது என்பதில் நியாயம் போப்பின் பக்கம்தான் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அன்பைப் போதிக்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அச்சுக்கூடத்தில் அடித்துக்கொண்டதைப் பார்த்து ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்! பிணக்கு வளர்ந்ததே தவிரத் தீரவில்லை. போப் தஞ்சாவூரையும் விட்டு நீலகிரி மலை ஏறினார். இன்றைக்குப் போல ரயில் ஏது? ஊட்டி வரை ரயில் போனது 1908இல்தான். மலைப்பாதையில் குதிரையிலோ பல்லக்கிலோ போக வேண்டிய காலம் அது.

1859இல் ஊட்டியில் ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, 1870 வரை தலைமையாசிரியராக இருந்தார். கண்டிப்பு மட்டும் மலை ஏறியும் குளிரவில்லை!

இப்போது கேத்திக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன், 1846இல் கேத்தியில் வந்து குடியேறியிருந்தது. காசமேஜர் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி அதற்கு ஆதரவு தந்தார். தம் சொத்தையும் அதற்கே எழுதி வைத்தார். அந்த மிஷனில் பிரெடரிக் மெட்ஸ் என்று ஒரு ஜெர்மானியப் போதகர் இருந்தார். ஆள் விசித்திரமானவர். பங்களாவில் உட்கார்ந்திருக்க மாட்டார். படகர்களின் ஊர்களுக்கும், தோடர்களின் மந்துகளுக்கும், கோத்தர்களின் குடியிருப்புகளுக்கும் நடந்து போய்க்கொண்டே இருப்பார்.

தோடர்கள் எருமையைப் புனிதமாகப் போற்றும் மக்கள். எருமைப் பால் வைக்கும் பால்மனைதான் அவர்களுடைய கோயில். அதற்கென்று தனிப் பூசாரி உண்டு. அவர்கள் எண்ணிக்கை அன்றைக்கு ஆயிரத்துக்கும் குறைவு. மொழிக்கு எழுத்தும் கிடையாது. மெட்ஸ் தம் மதத்தைச் சொல்லத்தான் போனார். தோடர்கள் கேட்டுக்கொண்டார்கள்; ஆனால் தங்கள் எருமைகளையும் பால்மனைகளையும் விடவில்லை. அதற்காக மெட்ஸ் போவதை நிறுத்தினாரா? இல்லை. அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். வார்த்தை வார்த்தையாக, வாக்கியம் வாக்கியமாக எழுதி வைத்தார். நீலகிரி மலைவாழ் மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அவர் திரட்டிய தோடச் சொற்கள் யார் கைக்கு வந்தன தெரியுமா? ஒரு காலத்தில் ஜெர்மானியப் போதகர்களோடு மல்லுக்கு நின்ற அதே போப்பிடம்! மெட்ஸின் சபை தரங்கம்பாடிச் சபை அல்ல, வேறு. ஆனாலும் பிடிவாதக்காரராக இருந்திருந்தால் அந்தத் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். போப்போ அவற்றை வைத்துத் தோட மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணம் எழுதினார். தோடம் நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக் காட்டினார். 1873இல் கர்னல் மார்ஷல் என்பவர் தோடர்களைப் பற்றி எழுதிய நூலில் அந்த இலக்கணம் சேர்ந்து வெளிவந்தது. சொற்களைத் திரட்டிக் கொடுத்தவர் பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் என்று, அதன் தலைப்பிலேயே நன்றியுடன் அச்சாகியிருக்கிறது. ஒருவர் ஆங்கிலிகன், ஒருவர் பாசல் மிஷன்காரர். இருவரும் சேர்ந்து செய்த வேலையோ, எருமையைக் கும்பிடும் ஒரு சிறு கூட்டத்தின் பேச்சைக் காப்பாற்றும் வேலை!

அப்போது போப் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார். பிறகு 1882இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பணி கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டியவர், அக்கடா என்று ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் அவருடைய பெரிய வேலைகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

1886இல் திருக்குறளின் 1330 குறள்களும் ஆங்கிலச் செய்யுளாக வந்தன. 1893இல் நாலடியார் வந்தது. அது சமண முனிவர்கள் பாடியது என்று படித்திருப்பீர்கள். திருவள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனைகளைக் கேட்டிருக்கக் கூடும் என்று போப் ஓர் ஊகம் சொன்னார். தமிழ் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தம் மதத்தின் மேல் இருந்த பிடிப்பு அவரை அப்படி நினைக்க வைத்தது போலும்!

அவருக்கு வந்த உண்மையான சோதனை திருவாசகம்தான். மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சராக இருந்தவர். குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவனுக்கே செலவழித்தவர். சிவனை எண்ணி எண்ணி அழுது பாடிய 51 பதிகங்கள்தான் திருவாசகம். குறளில் எந்த மதத்தின் பெயரும் இல்லை, யாரும் மொழிபெயர்க்கலாம். திருவாசகம் அப்படியா? வரிக்கு வரி சிவபெருமான்! வேறு கடவுளை வணங்கும் ஒரு பாதிரியார் அதைத் தொட்டால், இவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பக்கம் கேட்பார்கள். இவருக்கு என்ன தெரியும் என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள்.

ஒருநாள் மாலை, ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டுடன் போப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு திருவாசகத்தின் பக்கம் போயிற்று. நீங்கள் அதை மொழிபெயர்த்து அச்சிட வேண்டும் என்றார் ஜோவெட். அதை முடிக்கும் வரை உயிரோடிருப்பேன் என்று யார் உறுதி தருவது என்று தயங்கினார் போப். ஜோவெட் அவர் தோளில் கை வைத்து, பெரிய வேலையைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும் வரை நீங்கள் இருப்பீர்கள் என்று தேற்றினார். பாவம், 1893இல் ஜோவெட்தான் முதலில் காலமானார்.

போப் விடவில்லை. பாடல்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது என்று சைவ சித்தாந்தத்தை உட்கார்ந்து படித்தார். மாணிக்கவாசகரின் வரலாற்றை எழுதினார். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையும் மொழிபெயர்த்துச் சேர்த்தார். தம்மால் ஏற்க முடியாத இடங்களை ஏற்க முடியவில்லை என்றே குறித்தார். உருகிய இடங்களில் உருகினார். கடைசி வரை அவர் கிறிஸ்தவப் பாதிரியாராகத்தான் இருந்தார். மாணிக்கவாசகரையும் சிவனடியாராகவே இங்கிலாந்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்தார். வேறு வேஷம் போட்டுவிடவில்லை.

நூல் அச்சாகித் தயாரானபோது முன்னுரையில் போப் இட்ட தேதி 1900 ஏப்ரல் 24. அன்று அவருக்கு 80 வயது நிறைந்தது!

1906இல் ராயல் ஏசியாடிக் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரியில் போப் மறைந்தார். அதே ஆண்டில்தான் மலை ரயில் கேத்தியைத் தாண்டி ஊட்டிக்குப் போனது. மெரினாவில் அவருக்குச் சிலை எழுந்தது 1968இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது.

போப் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ என்று எழுதியிருப்பதாக மேடையில் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அதில் அவருடைய பெயரும் பணியும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த இலக்கியத் தொண்டுக்கு நன்றியாக, குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் இருந்த தமிழ் நண்பர்களும் சேர்ந்து அதை நிறுத்தினார்கள் என்றும் அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது.