எண்ணறிவூட்டிய ஏந்தல்

மலைவளம் மிக்க சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில், 1746 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் பெஸ்டலாசி பிறந்தார். ஐந்தாம் அகவையில் தந்தையை இழந்த அவரைத் தாயார் வறுமைக்கிடையே வளர்த்தார். ஏழைச் சிறார்பால் இளமையிலேயே அவர் உள்ளத்தில் இரக்கம் சுரந்தது.

அக்காலத்துப் பள்ளிகளில் கணிதம் பெரும்பாலும் நாவின் தொழிலாகவே இருந்தது. பிள்ளைகள் எண்களைப் பொருளறியாது ஒப்பித்தனர். தவறியோர் பிரம்படி பெற்றனர்.

1774 ஆம் ஆண்டு பெஸ்டலாசி தம் பண்ணையில் ஏழைச் சிறார்க்கு ஓர் இல்லம் அமைத்தார். நூற்றல், நெய்தல் ஆகிய தொழில்களோடு எழுத்தும் எண்ணும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. பொருள் முட்டுப்பாட்டால் 1780 இல் அவ்வில்லம் மூடப்பட்டது. கைப்பொருள் கரைந்தது, கண்டோர் எள்ளினர். ஆயினும் அவர் தம் நோக்கத்தைக் கைவிட்டாரல்லர்.

1798 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையினர் ஸ்டான்ஸ் என்னும் ஊரைத் தாக்கினர். பெற்றோரை இழந்த சிறார் பலர் ஆதரவற்றோராயினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்களைப் பேணும் பொறுப்பைப் பெஸ்டலாசி ஏற்றார். ஏறத்தாழ எண்பது சிறார், துணையாசிரியர் இல்லை, போதிய நூல்களும் இல்லை. அவ்வின்மையே அவருக்கு ஆசானாயிற்று. சூழவுள்ள பொருள்களையே அவர் பாடநூலாகக் கொண்டார். சில திங்களில் அக்கட்டடம் படைவீரர் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. மீண்டும் தோல்வி!

ஐம்பத்து மூன்று அகவை நிரம்பிய அவர், பர்க்டார்ஃப் என்னும் ஊரில் சிறு பிள்ளைகட்குக் கற்பிக்கும் எளிய பணியை மேற்கொண்டார். அங்கே அவருடைய முறை முதிர்ந்தது. ஐந்து என்னும் சொல்லுக்கு முன்னே ஐந்து கூழாங்கற்கள் பிள்ளையின் கையில் வந்தன. கற்களையும் பட்டாணிகளையும் கூட்டியும் குறைத்தும் கண்டபின், பிள்ளைகள் கோடுகளைக் கொண்டு எண்ணினர். எண்குறிகளோ இறுதியிலேயே வந்தன. சதுரத்தைச் சம பாகங்களாகப் பகுத்துப் பின்னத்தையும் கண்ணுக்குப் புலனாக்கினார். இம்முறையை விளக்கும் அவரது நூல் 1801 இல் வெளிவந்தது.

1805 முதல் இவெர்தோன் நகரில் அவர் நடத்திய பள்ளியை நாடிப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்தனர். பதினான்காம் அகவையில்தான் எழுதக் கற்ற உழவர் மகனான ஜாக்கோப் ஸ்டைனர், 1814 இல் அங்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் வடிவியல் வல்லுநராய்ப் புகழ் பெற்றார்.

ஆசிரியர்களிடையே எழுந்த பூசலால் 1825 இல் அப்பள்ளியும் மூடப்பட்டது. 1827 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17 ஆம் நாள் பெஸ்டலாசி மறைந்தார். அவர் நிறுவிய இல்லங்கள் நிலைக்கவில்லை. அவர் கண்ட நெறி நிலைத்தது. சிறு பிள்ளையின் கையில் கல்லையும் குச்சியையும் தந்து எண்ணச் செய்யும் ஆசிரியர் யாவரும் அந்நெறியிலேயே செல்கின்றனர்.