ஆற்றை எதிர்த்து ஏறிய ஆட்டுப்பண்ணைக்காரர்



எங்க கடியப்பட்டணம் கரையிலே பாறை அதிகம். புரொப்பல்லர் கல்லிலே தட்டினா தொழில் அன்னைக்கு அவ்வளவுதான். இதே தொல்லையை நியூசிலாந்து ஆறுகளில் தீர்த்து வைத்தவர் வில்லியம் ஹாமில்டன்.

1899-ல் பிறந்த இவர் ஆட்டுப்பண்ணைக்காரர். பொறியியல் பட்டம் கிடையாது. பண்ணையிலேயே பட்டறை போட்டுத் தானாகக் கற்றவர். 1950-களில் புரொப்பல்லரையே ஒதுக்கிவிட்டு, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்பைப் படகில் பொருத்தினார். அதைச் சுழற்ற அவர் எடுத்தது கப்பல் எஞ்சின் அல்ல, ஃபோர்டு 10 கார் எஞ்சின்! ஜெட் படகில் கியர்பாக்ஸ் இல்லாமலே எஞ்சினை பம்போடு நேரே இணைக்கலாமே.

முதலில் நீருக்கடியிலேயே பீய்ச்சினார். படகு மெதுவாத்தான் போச்சு. அவர் விடவில்லை. பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியதும் வேகம் கூடியது. 1960-ல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறின. 1974-ல் சர் பட்டம் பெற்றார், 1978-ல் மறைந்தார்.

எங்க வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வெறும் டிப்ளமோதானேன்னு யாராவது சொன்னா, நண்பர்களே, ஹாமில்டனை நினைப்போம். கைக்கு எட்டிய எஞ்சினை வைத்தே யோசிப்போம், சாதிப்போம்!

– இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், கடியப்பட்டணம்