பனியைக் கடந்த வண்டி

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலம் மிக நீண்டது. 1930ஆம் ஆண்டுகளில் அங்குள்ள கிராமச் சாலைகளில் பனியை அகற்ற எந்த ஏற்பாடும் இல்லை. பனி தடித்துவிட்டால் மக்கள் தங்கள் கார்களைக் கொட்டகையில் மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்திவிடுவர். வசந்தம் வரும்வரை குதிரை இழுக்கும் சறுக்குவண்டியே அவர்களுக்குத் துணை.

ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே 1907ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே இயந்திரங்கள்மீது அவருக்குத் தீராத ஆர்வம். பதினைந்து வயதில், பழைய கார் இயந்திரம் ஒன்றைச் சறுக்குவண்டியில் பொருத்தி, அதன் பின்னால் மரத்தாலான பெரிய காற்றாடியைச் சுழலவிட்டார். வண்டி பனிமீது ஓடியது! ஆனால், மூடப்படாத அந்தக் காற்றாடி யாரையேனும் வெட்டிவிடும் என்று அஞ்சிய தந்தை, வண்டியை உடனே பிரித்துப்போடச் சொன்னார். தந்தையின் அச்சம் நியாயமானதே.

பத்தொன்பது வயதில் பொம்பார்டியே சொந்தமாகப் பட்டறை திறந்தார். கோடையில் கார்களைப் பழுதுபார்த்தார்; குளிர்காலத்தில் பனிவண்டி ஆய்வில் மூழ்கினார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதிரிகளைச் செய்தும் எதுவும் மனநிறைவு தரவில்லை.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடுமையான வயிற்று நோயால் துடித்தான். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். மருத்துவமனையோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலையைப் பனி மூடியிருந்தது. பட்டறையில் இருந்த பனிவண்டியும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தான்.

அத்துயரத்திற்குப் பின்னும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. மென்பனியில் ஒடுக்கமான சக்கரம் ஏன் புதைகிறது? வண்டியின் எடை முழுவதும் சிறிய இடத்தில் அழுத்துவதே காரணம். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளியவர்களுக்கு இது எளிதில் புரியும். எனவே, அவர் பின்சக்கரங்களுக்குப் பதிலாக அகன்ற ரப்பர் பட்டையைப் பொருத்தினார். ரப்பர் பூசிய பற்சக்கரம் அப்பட்டையைச் சுழற்றியது. முன்புறம் சறுக்குக் கட்டைகள் வண்டியைத் திருப்பின. 1937ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

எழுவர் அமரக்கூடிய அவ்வண்டியை மருத்துவர்களும் பாதிரியார்களும் விரும்பி வாங்கினர். பிறகு வந்த பெரிய வண்டிகள் பள்ளி மாணவர்களையும் அஞ்சல் பைகளையும் ஏற்றிச் சென்றன. நோயாளிகளும் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தனர்.

1948ஆம் ஆண்டு முதல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்கியது. மக்களுக்கு அது நல்ல செய்தி. அவருடைய தொழிலுக்கோ பேரிடி. விற்பனை சரியவே, சதுப்பு நிலத்திலும் காட்டிலும் செல்லும் வண்டிகளின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பினார். 1959ஆம் ஆண்டு, இருவர் செல்லக்கூடிய சிறிய பனிவண்டியான 'ஸ்கீ-டூ'வை அறிமுகம் செய்தார். சாலையே இல்லாத வடபகுதிகளில் வாழ்வோருக்கு அது உதவும் என எண்ணினார். பொழுதுபோக்கிற்காகவும் ஏராளமானோர் அதை வாங்கினர்.

பொம்பார்டியே 1964ஆம் ஆண்டு, தம் 56ஆம் வயதில் காலமானார். அவருடைய பழைய பட்டறையை வால்கூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.