கல்வியை வீடு தேடி அனுப்பிய நானா அஸ்மா (ரஹ்)

மார்க்கக் கல்வி ஆண், பெண் இருபாலார் மீதும் கடமை என்பதை நாம் அறிவோம். எனினும், குழந்தையும் அடுப்பும் வயலுமாக வாழும் ஏழைக் கிராமத்துப் பெண் எங்ஙனம் மதரஸாவின் படியேறுவாள்? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கிய மாதரசி ஒருவரை இங்கு நினைவுகூர்கிறோம்.

இன்றைய நைஜீரியாவின் வடமேற்குப் பகுதியில், தெகல் என்னும் ஊரில் 1793-ஆம் ஆண்டு அஸ்மா அம்மையார் பிறந்தார். நானா என்பது ஹவுஸா மொழியில் மதிப்புக்குரிய பெண்மணியைக் குறிக்கும் அடைமொழி. தந்தையார், சொகோட்டோ கிலாஃபத்தை நிறுவிய பேரறிஞர் ஷைகு உஸ்மான் தன் ஃபோதியோ (ரஹ்). பெண்கள் கல்விச் சபைக்கு வருவதை ஆலிம்கள் சிலர் ஆட்சேபித்தபோது, வீட்டுப் பெண்களை அறியாமையில் விட்டுவைப்பதே பெருங்குற்றம் என வாதிட்டவர் அவர். அவரிடம் வளர்ந்த அம்மையார் குர்ஆனை மனனம் செய்தார். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா உள்ளிட்ட நான்கு மொழிகளில் புலமை பெற்றார்.

1804-இல் தொடங்கிய போர்களால் எண்ணற்ற பெண்கள் வீடிழந்தனர், சிறைப்பட்டும் வந்தனர். அவர்களுள் பலர் தொழுகையின் முறையும் அறியாதவர்கள். இவர்களுக்காகவே அம்மையார் 1830-களில் 'யன் தாரு' என்னும் பெண்கள் கல்விக் குழுவை அமைத்தார். பிள்ளைப்பேறும் வளர்ப்பும் முடித்த மூத்த பெண்களும், மணமாகாத சிறுமியரும் கிராமங்களிலிருந்து கூட்டமாக நடந்துவந்து அவரிடம் பாடம் கேட்டனர். இவர்களின் தலைவிக்கு 'ஜாஜி' என்று பெயர். ஓலைத் தொப்பியும் சிவப்புத் தலைப்பாகைத் துணியும் அளித்து அம்மையார் அவரைச் சிறப்பித்தார். ஊர் திரும்பியதும், வீட்டை விட்டு நகர இயலாத தாய்மார்களுக்கு ஜாஜியரே ஆசிரியர் ஆயினர்.

எழுத்தறியாதோர் மனத்தில் பதியும்பொருட்டு, உளூ, தொழுகை, நபி பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு, நல்லொழுக்கம் ஆகியவற்றை அம்மையார் செய்யுளாக யாத்தளித்தார். குர்ஆனின் அத்தியாயப் பெயர்களையும் ஒரு பாடலில் கோத்தார்.

செலவுக்கு வழி? வந்த பெண்கள் தம்மால் இயன்ற காணிக்கைகளைக் கொணர்ந்தனர். அம்மையார் அவற்றைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஏழை எளியோர்க்கே பகிர்ந்தளித்தார். இவ்வாறு கல்வியும் சதகாவும் ஒரே வாசலில் கைகோத்தன.

அம்மையார் 1864-இல் இவ்வுலகைப் பிரிந்தார். அவர் இட்ட வித்து வடநைஜீரியாவில் இன்றும் யன் தாரு என்னும் பெயரிலேயே தழைத்து நிற்கிறது.

ஜமாஅத்தார்களே! நாம் கட்டிய மதரஸாவுக்கு வருவோரை எண்ணி மகிழ்கிறோம். வர இயலாதோரை எண்ணிப் பார்த்தோமா? கூலி வேலைக்குச் செல்லும் சகோதரியின் வாசலுக்கு ஓர் ஆலிமாவை அனுப்புவதும் நம் ஜகாத், சதகா நிதிகளின் பொறுப்பாளர்கள் சிந்திக்க வேண்டிய செயலன்றோ! வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.