தன் இதயத்துக்கே குழாய் விட்ட டாக்டர்

குழந்தைகளே, நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ரத்தம் வந்த வழியே திரும்பாமல், கதவுபோலத் திறந்து மூடுபவை இவை. ஒரு காலத்தில், பழுதான வால்வை மாற்ற மார்பைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும். இப்போது பலருக்கு, 'கதீட்டர்' என்ற மெல்லிய குழாயைத் தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியே செலுத்தி, புது வால்வைப் பொருத்திவிடுகிறார்கள். இதயத்துக்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்று தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டியவர், வெர்னர் ஃபோர்ஸ்மன்.

இவர் 1904-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே, முதல் உலகப்போரில் தந்தையை இழந்தார். டாக்டருக்குப் படித்து, எபர்ஸ்வால்டே என்ற ஊரில் உள்ள மருத்துவமனையில் சேர்ந்தார்.

குதிரையின் கழுத்து ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குக் குழாய் விட்ட பழைய படம் ஒன்று அவர் மனதில் பதிந்திருந்தது. மனிதருக்கும் அப்படிச் செய்ய முடியும் என்று நம்பினார். இதயத்தைத் தொட்டாலே உயிர் போய்விடும் என்று டாக்டர்கள் பயந்த காலம் அது. தலைமை டாக்டர் அனுமதி தரவில்லை.

1929-ல் அவர் என்ன செய்தார் தெரியுமா? சோதனைக்குத் தானே முன்வந்த நர்ஸை மேஜையில் படுக்கவைத்துக் கட்டினார். அவருக்குத் தெரியாமல், தன் இடது கையிலேயே குழாயைச் செலுத்திக்கொண்டார். 65 செ.மீ. உள்ளே போனது! அப்படியே படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். குழாயின் நுனி இதயத்தின் வலது அறையில் இருப்பது படத்தில் தெரிந்தது.

பாராட்டு வரவில்லை, கண்டனம்தான் வந்தது. இதய ஆராய்ச்சியை விட்டு, சிறுநீரக மருத்துவத்துக்கு மாறினார். நாஜிக் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வில் ஒரு கறை. இதற்கிடையில், அவர் காட்டிய வழியை அமெரிக்காவில் கூர்னான்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் வளர்த்தனர். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபோர்ஸ்மன் 1979-ல் காலமானார். 2002-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் அலன் கிரிபியே, ஆபரேஷனைத் தாங்க முடியாத நோயாளி ஒருவருக்குக் கதீட்டர் வழியே முதன்முதலாகப் புதுப் பெருநாடி வால்வு பொருத்தினார்.

ஃபோர்ஸ்மன் செய்ததை யாரும் செய்து பார்க்கக்கூடாது, உயிருக்கே ஆபத்து! ஆனால், அந்த ஆபத்தைப் பிறர்மேல் சுமத்தாமல் தானே ஏற்றார் அல்லவா? அதை மறக்காதீர்கள், குழந்தைகளே!